பக்கத்து வீட்டுக் கரண்ட்

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பேஸ் போய்விட்டால் லைன்மேன் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். எதிர் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வரும். அதில் ஒரு பல்பும் ஒரு பேனும் ஓடும். பிள்ளை படிக்கும், பாட்டி தூங்குவாள். சட்டப்படி இது தப்பு. மின்னியல் படித்த நீயே இதை எழுதலாமா என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் கல்லூரி மலரையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பேரவைத் தம்பிகள் வந்து, "அண்ணா, மலருக்கு ஒரு கட்டுரை வேணும்" என்றார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: நாட்டின் எரிசக்திப் பாதுகாப்பும் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பும். கட்டுரைப் போட்டித் தலைப்பு மாதிரி இருந்தது. எனக்கு மேடைப்பேச்சு வராது. ஆனால் தலைப்பைக் கேட்டதும் அந்த ஜன்னல் ஒயர்தான் ஞாபகம் வந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததை, நான் பட்டதை எழுதுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் 2011இல் சேர்ந்தவன். டிப்ளமோ, மின்னியல் துறை. வீடு பொதட்டூர்பேட்டை பக்கம். அந்தப் பக்கத்துத் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டில் அப்போது நாலு விசைத்தறி. லுங்கி ஓட்டினோம். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், காலேஜ் விட்டு வந்தால் நான் ஒரு பக்கம்.

2012ஆம் ஆண்டை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. சென்னையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மின்வெட்டு. வெளியூர்களில் பாதி நாள், சில நாட்களில் அதற்கும் மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வீட்டுக்கு அது வெறும் புழுக்கம். தறிக்கு அப்படியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நாடா பாவுக்கு நடுவிலே மாட்டிக்கொள்ளும். திரும்ப ஓட்டினால் நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். ஒரு லுங்கியில் மூன்று கோடு இருந்தால் முதலாளி என்ன சொல்வார்? கூலியில் பிடிப்பார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று அரசு கொடுத்திருந்தது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "யூனிட்டு ஃப்ரீயா குடுத்துட்டாங்கப்பா, கரண்டுதான் இல்ல."

என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது ஆந்திராவில், நகரியில். எல்லைதான் வேறே தவிர பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்னால் திருத்தணியும் அந்தப் பக்கம்தானே இருந்தது. அங்கேயும் தறி, அங்கேயும் லுங்கி. அத்தை வீட்டில் கரண்ட் இருந்தால் இரண்டு தறிக்குப் பாவை அங்கே கொண்டு போய் ஓட்டலாமா என்று அப்பா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அத்தை சொன்னாளாம்: "ஏம் அண்ணா, எங்களுக்கு மட்டும் வெங்கடேசுவரசாமி தனியா லைன் இழுத்துக் குடுத்திருக்காரா?" அந்த வருஷம் ஆந்திராவிலும் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் இத்தனை நாள் மின்விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். ஜன்னல் ஒயர் கொடுக்க வேண்டிய எதிர் வீடும் இருட்டு.

2012 தீபாவளி கழிந்து அப்பா இரண்டு தறியை விற்றார். விற்றார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. இரும்பு விலைக்கு எடை போட்டு ஏற்றிவிட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த செமஸ்டரில் எனக்கு இரண்டு பாடம் அரியர். நாலு தறி இரண்டாகிவிட்டதில் வீட்டில் வேலை குறைந்தது, படிக்க நேரம் கிடைத்தது, ஆனால் படிப்பு ஓடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுக்க இருண்டு போனது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மண்டல மின்தொகுப்புகளும் விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லை. ரயில்கள் நின்றன, சுரங்கத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். உலகப் பத்திரிகையெல்லாம் எழுதியது. எங்களுக்கு? வழக்கமாகப் போகிற நேரத்துக்குப் போனது, வழக்கமாக வருகிற நேரத்துக்கு வந்தது. டீக்கடையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா, நம்ம கிரிட் எவ்ளோ ஸ்ட்ராங்கு!"

மறுநாள் வகுப்பில் எங்கள் பவர் சிஸ்டம்ஸ் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு போர்டில் இந்தியப் படம் வரைந்தார். கீழே தென்னிந்தியாவைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "இது ஸ்ட்ராங்கு இல்லடா, இது தனிக்குடித்தனம்."

அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு நாட்டின் மற்ற நாலு மண்டலங்களும் ஒரே அலைவரிசையில், ஒரே துடிப்பில் ஓடும் ஒரே மின்தொகுப்பு. தெற்கு மட்டும் தனி. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் சில டி.சி. இணைப்புகள்தான் பாலம். ஒடிசாவின் தால்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் நீண்ட லைன், மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கம் ஒன்று, விசாகப்பட்டினத்தில் கஜுவாகாவில் ஒன்று. பாலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வரும். வடக்கிலும் கிழக்கிலும் மிச்சம் இருக்கிற நேரத்தில்கூட, காசு கொடுக்கத் தயாராக இருந்தும், மின்சாரம் வர வழியில்லை. மின்சாரச் சந்தையில் ஒரே மணி நேரத்துக்கு வடக்கே ஒரு விலை, தெற்கே அதைவிட அதிக விலை. ஊரில் நெல் குவிந்து கிடக்க, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பஞ்சம் என்கிற மாதிரி. வடக்கின் விபத்து நம்மைத் தொடாததற்கும் வடக்கின் மிச்சம் நமக்கு வராததற்கும் காரணம் ஒன்றே.

2013 டிசம்பர் 31. திருத்தணியில் அந்த நாள் என்ன என்று சொல்ல வேண்டாம். திருப்படித் திருவிழா. வெள்ளைக்கார துரைக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதை விட்டு நம் தணிகை துரைக்குச் சொல்லுங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. 365 படிக்கும் மஞ்சள் குங்குமம், ஒவ்வொரு படிக்கும் ஒரு கற்பூரம், ஒரு திருப்புகழ். நாங்கள் கிளாஸ்மேட் எட்டு பேர் பஜனைக் கோஷ்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஏறினோம். ஃபைனல் இயர், வேலை கிடைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே வேண்டுதல். எனக்குக் கூடுதலாக அரியர்.

அந்த இரவு, நாங்கள் படி ஏறிக்கொண்டிருந்த அந்த இரவில், கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் நடுவே போட்ட 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பை நாட்டின் தொகுப்போடு இணைத்தார்கள். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது சார்தான் சொன்னார். "நீங்க எல்லாம் முப்பத்தொண்ணாம் தேதி ராத்திரி மலை மேல இருந்தீங்கல்ல? அன்னிக்குத்தான்டா நாடு பூரா ஒரே துடிப்பாச்சு." எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தி என்று சொல்வதா, பாடம் என்று சொல்வதா தெரியவில்லை.

உடனே விடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். புது மின்நிலையங்கள் வர வேண்டியிருந்தது, இன்னும் லைன்கள் வர வேண்டியிருந்தது, மின்வெட்டு போக மேலும் ஒன்றிரண்டு வருஷம் ஆனது. ஆனால் போனது. அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்: "இதை ரெண்டு வருஷம் முன்னாடி போட்டிருந்தா?" நான் பதில் சொல்லவில்லை.

இதுவரை உள்நாட்டுக் கதை. அண்டை நாடு எங்கே என்று தம்பிகள் கேட்பார்கள். வருகிறேன்.

டிப்ளமோ முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். டவர் நிறுத்துவது, கம்பி இழுப்பது. 2015இல் பீகார், முசாபர்பூருக்கு அனுப்பினார்கள். தயிர்சாதத்துக்கு ஏங்கிய காலம் அது; விடுங்கள். அங்கிருந்து நேபாளத்தின் தல்கேபர் வரைக்கும் எல்லை தாண்டி ஒரு பெரிய லைன் வந்துகொண்டிருந்தது. எங்கள் கோஷ்டியில் ஜனக்பூர் பக்கத்து நேபாளி ஒருவன் இருந்தான். என் வயது. அவனுக்கும் இந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறை சேர்ந்தால் நன்றாகப் பேச வரும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் மின்வெட்டை அவனிடம் ஒரு நாள் பெரிய சோகமாகச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம், தெரியுமா என்றேன். அவன் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "காட்மாண்டில் குளிர்காலத்தில் பதினாறு மணி நேரம் போனதுண்டு" என்றான். எந்த வார்டில் எப்போது வரும் என்று அட்டவணை அடிப்பார்களாம், காலண்டர் மாதிரி சுவரில் ஒட்டியிருப்பார்களாம். இத்தனைக்கும் இமயமலையிலிருந்து இறங்கும் ஆறெல்லாம் அவன் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. ஓடுகிற தண்ணீரில் மின்சாரம் எடுக்க அணை வேண்டும், பணம் வேண்டும். எடுத்தாலும் மழைக்காலத்தில் தேவைக்கு மேல், குளிர்காலத்தில் ஆறு வற்றி ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்குக் கம்பி இல்லாவிட்டால் மழைக்கால மின்சாரமும் வீண், குளிர்காலத்து இருட்டும் நிச்சயம்.

2016 பிப்ரவரியில் அந்த லைன் நேபாளத்துக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் முழு அளவில் இல்லை, குறைந்த வோல்டேஜில்தான். அந்த ஆண்டு தீபாவளியிலிருந்து காட்மாண்டில் மின்வெட்டு நின்றது. அவர்கள் மின்வாரியத்தின் நிர்வாகத் திறமையும் அதில் பாதி என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மின்வெட்டை நிறுத்துகிற மின்சாரம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. வந்தது இந்தக் கம்பியில்.

நான் ஆர்ப்பாட்டமாக அவன் முதுகில் தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. 2015 செப்டம்பரிலிருந்து நாலைந்து மாதம் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டதை அவன் மறக்கவில்லை. பெட்ரோல் இல்லை, சமையல் கேஸ் இல்லை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் பெரிய பூகம்பம் வந்து ஊரே இடிந்து கிடந்தது. அவன் அம்மா விறகடுப்புக்குத் திரும்பினாள். தடுத்தது யார் என்று எங்கள் ஊர்ப் பேப்பர் ஒரு மாதிரியும் அவன் ஊர்ப் பேப்பர் வேறு மாதிரியும் எழுதின. அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கம்பி நல்லதுதான் பாய். ஸ்விட்ச் யார் கிட்ட இருக்கு?"

தம்பிகளே, எரிசக்திப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கி எல்லாம். ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. எதிர் வீட்டு ஒயரில் பேன் ஓடும்போது நமக்குக் காற்று வரும். கூடவே நாளைக்குச் சண்டை வந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பும் வரும்.

அதற்குப் பதில் பூட்டானில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1974இல் ஒப்பந்தம் போட்டு, நம் நாடு 60 சதவீதம் மானியமாகவும் 40 சதவீதம் கடனாகவும் கொடுத்துக் கட்டிய சுக்கா நீர்மின் நிலையம், 336 மெகாவாட். எண்பதுகளின் கடைசியில் ஓட ஆரம்பித்தது. பிறகு தாலா 1020, மங்டெச்சு 720. தங்கள் தேவை போக மிச்சத்தை நமக்கு விற்கிறார்கள். அந்நாட்டு வருமானத்தில் அது பெரும்பங்கு. குளிர்காலத்தில் அவர்கள் ஆறு வற்றும்போது அதே கம்பியில் நாம் அனுப்புகிறோம். ஸ்விட்ச் இரண்டு பக்கமும் இருக்கிறது. அணைத்தால் இரண்டு வீடும் இருட்டு. எல்லாம் தேனும் பாலும் இல்லை. புனாத்சாங்சு என்கிற ஆற்றில் தொடங்கிய 1200 மெகாவாட் அணை, மலைச்சரிவு நகர்ந்து ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது, செலவும் ஏறியது. ஆனாலும் கம்பியை யாரும் அறுக்கவில்லை.

வங்கதேசம் இன்னும் சுவாரசியம். திரிபுராவில் பலாட்டனா என்ற இடத்தில் எரிவாயு மின்நிலையம் கட்ட வேண்டும். அந்தப் பெரிய டர்பைன்களை அசாம் மலைப்பாதை வழியாக லாரியில் கொண்டு போக முடியாது. வங்கதேசம் தன் ஆற்றையும் அசுகஞ்ச் துறைமுகத்தையும் சாலையையும் திறந்துவிட்டது. நிலையம் 2013இல் ஓடத் தொடங்கியது. 2016இல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் வங்கதேசத்துக்குப் போகத் தொடங்கியது. வழி விட்டவனுக்கு விளக்கு. மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து பேராமாராவுக்கு 500 மெகாவாட் பாலம் திறந்தது 2013 அக்டோபரில். அதாவது நம் ராய்ச்சூர் லைனுக்கு மூன்று மாதம் முன்னாடி. டாக்காக்காரனுக்குப் பிறகுதான் திருத்தணிக்காரனுக்கு என்று அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்.

இதிலும் முள் உண்டு. வங்கதேசத்துக்கென்றே ஜார்க்கண்டில் கொட்டா என்ற ஊரில் கட்டிய நிலக்கரி மின்நிலையம், பாக்கி நிற்கிறது என்று 2024 அக்டோபர் கடைசியில் சப்ளையைப் பாதியாகக் குறைத்தது. அவர்கள் விலையே அதிகம் என்றார்கள், இவர்கள் கொடுத்த சரக்குக்குக் காசு கொடு என்றார்கள். ஒரு பக்கமே விற்று மறு பக்கமே வாங்கினால் கடைசியில் அது மளிகைக் கடைக் கணக்காகத்தான் போய் நிற்கும்.

அடுத்தது நம் வாசலில் இருக்கும் நாடு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. காரணம், பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்பார்மரில் பட்டுவிட்டது என்று அவர்கள் அமைச்சரே சொன்னார். நம் மலைப்படியில் தேங்காய் மூடி பிடுங்குகிற குரங்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆனால் குரங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு, வெயிலில் கூரை சோலார் நிறைய. சுற்றுகிற பெரிய டர்பைன்கள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. தனியாக நிற்கிற சின்னத் தொகுப்பு, ஒரு அதிர்ச்சியில் முழுதும் விழுந்தது. பெரிய தொகுப்போடு சேர்ந்திருந்தால் அதிர்ச்சியைத் தாங்கக் கொஞ்சம் தோள் கிடைத்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் டாலர் இல்லாமல், எண்ணெய் வாங்க முடியாமல் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த ஆண்டு எண்ணெய் வாங்க நம் நாடு 50 கோடி டாலர் கடன் வசதி கொடுத்தது. கப்பலில் எண்ணெய் போனது. கம்பியில் போயிருக்கலாம். கம்பி இல்லை.

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து புத்தூர் போகிற மாதிரி. மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு லைன் போட ஆராயலாம் என்று 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து 2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் இன்னொரு புரிந்துணர்வு ஒப்பந்தம். கேபிள் போடும் நுட்பம் உலகத்துக்குப் புதிதல்ல. இதைவிட ஆழமான கடலிலெல்லாம் போட்டிருக்கிறார்கள். செலவு ஒரு காரணம். இன்னொரு காரணம் ஜனக்பூர்க்காரன் கேட்ட கேள்விதான் என்பது என் எண்ணம். சின்ன வீட்டுக்காரனுக்குப் பெரிய வீட்டு ஒயர் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் அவனிடமும் வாங்க வேண்டும். மன்னாரில் காற்று நன்றாக வீசுகிறது, ஏற்கெனவே 100 மெகாவாட்டுக்குக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். "அங்க காத்தடிக்கிறப்ப முப்பந்தலிலும் அடிக்குமே, அப்ப அது நமக்கு எதுக்கு?" என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி, சாரே கேட்டிருக்க மாட்டார். நமக்கு வேண்டாத நேரத்தில் அது சோலாப்பூர் தாண்டிப் போகும் என்றேன். புகளூரிலிருந்து சத்தீஸ்கரின் ராய்கர் வரை 6000 மெகாவாட் தாங்குகிற டி.சி. லைன் வந்துவிட்டது, இங்கிருந்தும் அனுப்பலாம், அங்கிருந்தும் வாங்கலாம். அப்பா தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, தூக்கம் வந்ததா தெரியவில்லை.

தலைப்புக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் நேபாளம் நம் மின்சாரச் சந்தையில் விற்க ஆரம்பித்தது, முதலில் வெறும் 39 மெகாவாட். அன்றைக்கு ஜனக்பூர்க்காரன் எனக்குப் போன் போட்டுக் கத்தினான். 2024 நவம்பர் 15ஆம் தேதி அவன் நாட்டு மின்சாரம் 40 மெகாவாட், நம் கம்பி வழியாகவே வங்கதேசத்துக்குப் போனது. அதற்கும் கத்தினான். இப்போது மழைக்காலத்தில் அவன் விற்கிறவன், குளிர்காலத்தில் வாங்குகிறவன். ஸ்விட்ச் கேள்வியை அவன் திரும்பக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஊரோடு வந்துவிட்டேன். வயரிங் வேலை, மோட்டார் ரிப்பேர், மிச்ச நேரம் வீட்டில் அந்த இரண்டு தறி. இப்போது இலவசம் 1000 யூனிட், கரண்டும் இருக்கிறது. லுங்கி கட்டுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். போன தை மாதம் அவன் பேசினான். "ஆறு வத்திப்போச்சு பாய், இங்கே எரியறது எல்லாம் உங்க கரண்ட்." நான் சொன்னேன், "ஆடிக் கிருத்திகைக்குத் திருப்பிக் குடு, மலை மேல நிறைய லைட் போடுவாங்க." அவனுக்கு ஆடிக் கிருத்திகை என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். அரைகுறை இந்தியில் காவடிக்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு தறி நின்றது. "டேய், பாவு அறுந்துபோச்சு, போனை வை" என்று அப்பா கூப்பிட்டார்.